இடது கையால் எடுத்த தீர்மானம்

தில்லைநாதன் அண்ணையைப் போல மோசமான கோல்கீப்பரை நான் கண்டதில்லை. பந்து வலப்பக்கம் வந்தால் இடப்பக்கம் பாய்வார். நேரே வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். ஆனாலும் சுவிசின் கூர் நகரில் இருந்த எங்கள் தமிழ்க் கழகத்துக்கு அவர்தான் கோல்கீப்பர், அவர்தான் தலைவர், பந்துக்குக் காற்றடிப்பவரும் அவர்தான். கழகத்தைத் தொடங்கியவரே அவர் என்பதால் அவரை வெளியே இருத்த ஒருவராலும் முடியாது. அதற்காகத்தானே தொடங்கினீர்கள் என்று நான் முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறேன்.

"ஓம், அதுக்குத்தான்," என்று சிரித்தார் மனிதர்.

யாழ்ப்பாணத்தில் அவருடைய ஊர்க் கழகம் பெயர்பெற்றது. பள்ளிக்கூடக் காலம் முதல் மீசை நரைக்கத் தொடங்கும்வரை அதன் மைதானத்துக்கு ஒருநாள் தவறாமல் போனவர். ஒருநாள்கூட அவரை ஆட உள்ளே இறக்கவில்லை. மற்றவர்களின் சட்டைகளையும் கைமணிக்கூடுகளையும் மடியில் வைத்துக் காவல் காத்தார், இடைவேளைக்குத் தோடம்பழம் வெட்டிக் கொடுத்தார், அவ்வளவுதான். எண்பத்து நாலில் சுவிசுக்கு ஓடிவந்தபோது இந்த மலைகளுக்குள் கொண்டுவந்து போட்டார்கள். ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினார். மற்றவர்கள் ஊரை நினைத்து அழுத நேரத்தில் இவர் பதினொரு பேரைத் தேடி அலைந்தார்.

கோடையில் சுவிசிலுள்ள தமிழ்க் கழகங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு சுற்றுப்போட்டி வைப்பது வழக்கம். சூரிச், பேர்ண், பாசல் பெரிய கழகங்கள். நாங்களும் இன்டர்லாக்கன்காரரும் சில்லறை. ஆனால் தொடக்கத்திலேயே தில்லைநாதன் அண்ணை ஒரு விதியைக் கேட்டு வாங்கியிருந்தார். ஒரேயொரு கழகம் வேண்டாம் என்றாலும் போட்டியின் ஒழுங்கை மாற்றமுடியாது. எங்கள் கையில் இருந்தது அந்த ஒரு சொல்தான்.

எங்களிடம் உண்மையாகப் பந்தடிக்கத் தெரிந்தவன் ராசா ஒருவன். அவனுக்கு இருப்பிட அனுமதி கிடைத்த கையோடு, சூரிச் கழகத் தலைவர் மகேந்திரன் தங்கள் நகரத்து ஓர்லிகோனில் வேலை எடுத்துக் கொடுத்துக் கொத்திக்கொண்டு போனார். அந்தக் கோடையில் ராசா சூரிச்சுக்காக இறங்கி, எங்கள் அண்ணையின் கால்களுக்கு நடுவாலும் தலைக்கு மேலாலும் கோல் கோலாக அடித்தான். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"உவையோடை விளையாடுறது எங்கடை பெடியளுக்கு நேரவிரயம். பெரிய கழகங்கள் தனியப் பிரிவம். சின்னாக்கள் தங்களுக்குள்ளை விளையாடட்டும்," என்றார் மகேந்திரன்.

அவர் சொன்னது முழுப்பொய் என்று நான் சொல்லமாட்டேன். றெயின் ஏறி வருகிற சனம் ஆட்டம் பார்க்கத்தான் வருகிறது, அறுப்புப் பார்க்க அல்ல. ஆனால் ஆளைப் பறித்தவனே ஆளில்லை என்று நையாண்டி பண்ணினால் எரியுமா எரியாதா? சின்னாக்கள் தங்களுக்குள் என்றால் யார்? நாங்களும் இன்டர்லாக்கனும் சாகும்வரை மாறி மாறி உதைபடுவதா?

எண்பத்தெட்டு வசந்தத்தில் இதை முடிவுசெய்யக் கூட்டம் வைத்தார்கள். தில்லைநாதன் அண்ணை அதை வலிந்து கூருக்குக் கேட்டு வாங்கினார். தேவாலயத்து மண்டபத்தில் விடியவே அடுப்பு மூட்டி ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பொரியல், சொதி என்று அமர்க்களப்படுத்தினார்.

"அண்ணை, முதல்லை வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டுப் பிறகு சோத்தைப் போடுங்கோ," என்றேன் நான்.

"சீ, பசியோடை வந்த சனத்தோடை வழக்கோ? சாப்பிட்டாப் பிறகு கதைப்பம். உண்ட வீட்டுக்கு ஆரும் இரண்டகம் செய்யமாட்டினம்."

எல்லாரும் பந்தியில் இருந்தார்கள். அவர் இருக்கவில்லை. விருந்துக்குக் கூப்பிட்டவன் கடைசி ஆள் கைகழுவும்வரை இருக்கக்கூடாது என்பது அவருடைய சட்டம். இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டு வரும்போது மகேந்திரன் கதவுக்கு மேலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தார்.

"எங்களுக்கு றெயின் இருக்கு. சாப்பிட்டபடியே முடிப்பம். பெரிய கழகங்கள் பிரியிறதுக்கு விருப்பமான ஆக்கள் கையைத் தூக்குங்கோ."

வலது கைகள் கறியில் கிடந்தன. இடது கைகள் எழும்பின. கடைசியாக இன்டர்லாக்கன் பாலேந்திரனின் கையும் எழும்பியது. அவருக்குப் பேர்ண் கழகத்தில் ஒரு பதவி பேசிவைத்திருந்தார்கள். பாவி, கோப்பையைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

"எதிர்ப்பிருக்கோ?" என்று மகேந்திரன் தில்லைநாதன் அண்ணையைப் பார்த்துக் கேட்டார்.

அண்ணை சோற்றகப்பையோடு நின்றார். வேண்டாம் என்ற ஒரு சொல் போதும். நான் தண்ணீர்ப் போத்தலோடு வாசலில் நின்று மனதுக்குள் கத்தினேன். ஒரு கழகத்துக்கு ஒரு வாய்தான். அந்த வாய் என்னுடையதல்ல. மகேந்திரன் கையைச் சோற்றிலிருந்து எடுக்காமலே, மெல்லச் சிரித்தபடி கேட்டார்:

"சொல்லுங்கோ அண்ணை. நாங்கள் சாப்பிடுறதோ, எழும்புறதோ?"

ஆளின் பலவீனம் தெரிந்து போட்ட அடி. இளகின இரும்பைக் கண்டால் கொல்லன் ஓங்கி ஓங்கி அடிப்பானாம். தன் பந்தியில் இருந்தவர்கள் பாதிச் சோற்றில் எழும்பினார்கள் என்ற பெயரை எடுக்க அந்த மனிதரால் முடியாது.

"சாப்பிடுங்கோ," என்றார்.

"அப்ப எதிர்ப்பில்லை. அண்ணை, இறைச்சி கொஞ்சம் விடுங்கோ."

விட்டார். எலும்பில்லாத துண்டாகப் பார்த்து விட்டார். அந்தச் சட்டியைத் தூக்கி மகேந்திரனின் தலையில் கவிழ்க்காமல் விட்டதற்காக எனக்கு இன்றும் வயிறெரிகிறது.

எதிர்த்து விளையாட ஆளில்லாத எங்கள் கழகம் அடுத்த பனிக்காலம் முடியுமுன் கலைந்துபோனது. கோடை தொடங்க மகேந்திரன் தொலைபேசி எடுத்தார். "உங்கடை கறியை ஒருத்தரும் மறக்கேல்லை அண்ணை. சுற்றுப்போட்டிக்கு நீங்கள்தான் சமைக்கவேணும்."

"மானம் ரோசம் இல்லையோ உங்களுக்கு?" என்று ஏசினேன்.

"மைதானத்திலை நிக்கலாம்தானே," என்றார்.

வேறு வழியில்லாமல் கூடப் போனேன். கோல் கம்பத்துக்குப் பின்னால், கோட்டுக்கு வெளியே அடுப்பு. சுடுசட்டியைப் பிடித்து இறக்க அவர் பையிலிருந்து எடுத்தது தன் கோல்கீப்பர் கையுறைகளை. கழகத்துப் பணத்தில் வாங்கியதல்ல அது, அவருடைய முதல் சம்பளத்தில் வாங்கியது. ராசா ஓடிவந்து மணிக்கூட்டைக் கழற்றினான். "அண்ணை, இதை ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ." அவனைப் பார்த்து மற்றவர்களும் கொண்டுவந்து கொடுத்தார்கள். வைக்க இடமில்லாமல் மடியில் கட்டிக்கொண்டார்.

மத்தியானம் பந்தி முடிந்தது. எல்லாரும் கைகழுவிவிட்டார்கள். ராசாவுக்கு என்ன தோன்றியதோ, ஒரு கோப்பையில் சோறு போட்டுக்கொண்டு வந்து நீட்டினான்.

"நீங்களும் சாப்பிடுங்கோ அண்ணை."

"வேண்டாம்," என்றார் தில்லைநாதன் அண்ணை.

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.