மணிமூடியில் ஒட்டாத நிக்கல்

இதை எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது. வீட்டில் நிக்கல் முலாம் பூசத் தொடங்கிய நாட்களில் என்னிடம் கைவேலையை விட வாய்தான் அதிகம் இருந்தது. பழைய சைக்கிளின் பித்தளை மணிமூடியை வெள்ளிபோல் மின்ன வைக்கிறேன் என்று லண்டன் ரெய்னர்ஸ் லேனில் தெரிந்தவர்களிடமெல்லாம் அளந்துவிட்டிருந்தேன். குசினிக்குப் பின்னால் உள்ள சின்ன அறையில், வினாகிரியில் நிக்கல் கரைந்த பச்சைத் தண்ணீருக்குள் மூடியைத் தொங்கவிட்டு மின்சாரம் கொடுப்பேன். பளபளவென்று வெளியே வரும். முலாம் பிடித்திருக்கிறதா என்று பார்க்க செலோட்டேப் ஒட்டி இழுத்தால் அந்தப் பளபளப்பு அப்படியே டேப்போடு உரிந்து வந்துவிடும்.

மின்சாரத்தைக் குறைத்துப் பார்த்தேன். கரைசலைப் புதிதாகச் செய்தேன். நான்காவது முறையும் உரிந்தபோது ஆத்திரம் தலைக்கேறியது. அன்று சனிக்கிழமை. மனைவி குசினியில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"உம்மடை எண்ணெய்ப் புகைதான் இதிலை படியுது. பொரிக்கிறதெண்டால் வேறை எங்கையும் போய்ப் பொரியும்" என்று கத்தினேன்.

அவள் அடுப்பை அணைத்தாள். ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் தேநீர் கொடுப்பார்கள். அதற்கு ரோல்ஸ் கொண்டுபோவது பல வருடங்களாக அவள்தான். அங்கே எல்லோருக்கும் அவளைத் தெரிந்ததே அந்த ரோல்ஸால்தான். அதை நான் ஒரு மணிமூடிக்காக நிறுத்திவிட்டேன்.

பொரிப்பது நின்ற பிறகும் நிக்கல் உரிந்துகொண்டுதான் இருந்தது. ஒரு வாரம் கழித்து, கழுவிய மூடியை வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தேன். சுத்தமான உலோகத்தில் தண்ணீர் ஒரே படலமாகப் பரவி நிற்க வேண்டும். என் மூடியில் ஓர் இடத்தில் மட்டும் தண்ணீர் விலகி நின்றது. அதன்மேல் பெருவிரலை வைத்தேன். அளவெடுத்ததுபோல் பொருந்தியது. கையுறை போட்டால் மூடியைத் தொங்கவிடும் மெல்லிய கம்பியைக் கட்ட முடியாது என்று வெறுங்கையால்தான் பிடிப்பேன். யோசிக்கும்போது தலையைத் தடவுவது என் பழக்கம். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்காமல் நான் படியிறங்குவதும் இல்லை.

கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, மூடியை மறுபடி தேய்த்துக் கழுவி, விளிம்பில் மட்டும் பிடித்துப் பூசினேன். இந்த முறை டேப்போடு ஒன்றும் வரவில்லை. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அவளிடம் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். கத்துவதற்கு மட்டும் எனக்கு நேரம் காலம் தேவைப்படவில்லை.

மூன்றாவது ஞாயிறும் மண்டபத்தில் கடை பிஸ்கட்தான். பூசைக்கு வரும் ஓர் அக்கா என் மனைவியைப் பிடித்துக்கொண்டார்.

"என்னப்பா, இப்ப உம்மடை ரோல்ஸையே காணேல்லை?"

"இவர் வீட்டிலை ஒரு நுட்பமான வேலை செய்யிறார் அக்கா. எண்ணெய்ப் புகை கூடாதாம்" என்றாள் அவள்.

பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்ற எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

காரில் ஏறியதும் சொல்லிவிட்டேன். "அது உம்மடை புகையில்லை. என்ரை தலை எண்ணெய்தான்."

அவள் சீட் பெல்ட்டைப் போட்டாள். "உங்கடை தலையணை உறையைத் தோய்க்கிறது நான்தானே. எனக்கு அண்டைக்கே தெரியும்."

"பிறகேன் பொரிக்கிறதை விட்டனீர்?"

"நீங்களாச் சொல்லுவியளோ எண்டு பார்த்தனான். மூண்டு ஞாயிறு பார்த்தனான்."