மகள் நிமிர்ந்து நுழைந்த அறை

நிமிர்ந்து நடக்க அவளைப் பழக்கியது நான்தான். கல்லூரி நேர்காணலுக்காக எங்கள் வீட்டு முன்னறையில் பல நாள் ஒத்திகை நடந்தது. கதவைத் தாண்டும்போது தரையைப் பார்க்காதே, தோளைச் சுருக்காதே, கையைப் பிசையாதே, எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து வணக்கம் சொல். பள்ளியில் பாடம் நடத்தும் எனக்கே இது இன்றுவரை முழுதாக வந்ததில்லை. மகளுக்கு வந்துவிட்டது.

பழங்குடிச் சான்றிதழ் விசாரணைக்கும் அப்படியேதான் போனாள், நான் கூடப் போனேன். சான்றிதழ் இல்லாவிட்டால் கல்லூரியில் இடம் இல்லை; கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அதிகாரி மலைக்குக் கீழே, கீழ்நாட்டிலிருந்து மாற்றலாகி வந்தவர். எங்களுக்கு முன் போன பெரியவர் செருப்பை வாசலில் விட்டு, துண்டைக் கக்கத்தில் இடுக்கி, சுவரோரமாக நின்று பேசினார். மகள் செருப்போடு நேராக மேசைவரை போய் வணக்கம் சொன்னாள்.

அதிகாரி அவளை மேலும் கீழும் பார்த்து ஊரைக் கேட்டார்.

"மலைமேல திருப்புலி நாடுங்க. எங்க ஊடு அங்கதானுங்க."

"மலைக்காரங்க இந்தக் கதவுல எப்படி நுழைவாங்கன்னு எனக்குத் தெரியும். நீ கலெக்டர் மாதிரி வர்ற."

பக்கத்து மேசையில் சிரித்தார்கள். மலை முகவரி கொடுத்து ஏமாற்றுகிறவர்கள் பெருகிவிட்டார்கள் என்று அவர்களிடம் சொன்னார், நாங்கள் அங்கே இல்லாதது போல. என் சான்றிதழையும் என் அப்பாவுடையதையும் நீட்டினேன். பிரிக்கவே இல்லை. ஊருக்கு வந்து விசாரிக்கலாமே என்றாள் மகள், குரலை உயர்த்தாமல். வருகிறேன், ஆனால் ஒரு மாதம் ஆகும் என்றார் அவர்.

ஒரு மாதம் என்றதும் என் உடம்பு என் பேச்சைக் கேட்கவில்லை. கைகள் தாமாகச் சேர்ந்தன. முதுகு வளைந்தது.

"சின்னப் பொண்ணுங்க சார். தெரியாம வந்துட்டா. நீங்க மனசு வெக்கோணும்."

அவர் பேனாவால் என்னைச் சுட்டினார். "உங்கம்மா எப்படி நிக்கறாங்க பார். இப்ப நம்பறேன்."

கணினியைத் தன் பக்கம் திருப்பி ஒப்புதல் கொடுத்தார். இரண்டு சான்றிதழ்களும் மடித்தபடியே மேசையில் கிடந்தன. அந்த ஆளுக்கு என் முதுகு போதுமான சாட்சியாக இருந்தது. நான் நன்றி சொன்னேன். மகள் காகிதங்களை எடுத்துக்கொண்டு, வந்த நடையிலேயே வெளியேறினாள்.

பஸ் ஸ்டாப்பில்தான் பேசினாள். "அந்த ஆளுக்கு எதுக்கும்மா நன்றி சொன்ன?"

இப்போது அவள் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். அவர் அதே நாற்காலியில் இருக்கிறார். சந்தையில் எதிரே வந்தால் என் கை வணக்கத்துக்கு எழுந்துவிடுகிறது. அந்தக் கையை வெட்டிப் போடலாமா என்று ஆத்திரம் வருகிறது.