சலவைக்குப் போட்ட கோட்டு

வேலைக்காக நான் முதன்முறை துபாய்க்குக் கிளம்பிய அன்று அரியலூர் ஸ்டேஷனில் விடாத மழை. விமானம் என்று நினைத்தாலே எனக்குப் பயம். சென்னை ரயிலுக்காகக் காத்திருந்த பெஞ்சில், பக்கத்தில் ஒருவர் சொட்டச் சொட்ட நனைந்து உட்கார்ந்திருந்தார். மடியில், பிளாஸ்டிக் உறைக்குள், தோளில் தங்கப் பட்டை வைத்த கறுப்பு மழைக்கோட்டு. உறைமேல் ஒரு துளி விழுந்தாலும் உடனே கைக்குட்டையால் ஒற்றி எடுத்தார்.

பைலட் என்றே நினைத்தேன். கொஞ்சம் தைரியம் வந்தது.

"மழையில பிளேன் ஓட்டுறது கஷ்டமா சார்?"

"நான் ஓட்டுறவன் இல்ல தம்பி. அரபு நாட்டுல சலவைக் கடையில வேலை. இது ஒரு பைலட்டோடது. வந்து வாங்கிக்கிறேன்னு போட்டுட்டு, வெறும் சட்டையோட பிளேன் ஏறப் போனாரு. அந்தப் பிளேன் திரும்பி வரல."

கையிலிருந்த விமான டிக்கெட்டை மடித்துப் பைக்குள் தள்ளினேன்.

"கடையில விட்டா தூக்கிப் போட்டுருவாங்க. அதான் லீவுல வந்தாலும் கையோட கொண்டாந்துருவேன்."

"இப்புடி நனையிறீங்களே, போட்டுக்கலாமுல்ல?"

"அவரு வூட்டு ஆளுங்க வந்து கேட்டா, ஈரமாவா குடுக்கிறது?"

காலரில் குத்தியிருந்த சலவைச் சீட்டு இருக்கிறதா என்று உறை வழியாகப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் சென்னையிலும் மழை. நான் விமானத்தில் உட்கார்ந்து பெல்ட்டோடு போராடிக்கொண்டிருந்தபோது, கீழே இறங்கி விமானத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பைலட் உள்ளே ஏறினார். மேலே கோட்டு இல்லை; வெள்ளைச் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

கோட்டை எந்தக் கடையில் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. அதற்குள் பைலட் அறைக் கதவைச் சாத்திவிட்டார்கள்.