ஸ்டெல்லா அக்கா மாற்றிய தண்ணீர்

மீஞ்சூர் ஸ்டேஷனில் காலை ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. ஸ்டெல்லா அக்காவின் மகள் ஜெனி. "அம்மா போய்ட்டாங்க செல்விக்கா. நெஞ்சு வலிக்குதுன்னாங்களாம். பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள..." தினமும் ரயிலில் கூட வரும் அக்காவுக்கென்று தனியாக இட்லி கட்டி எடுத்து வந்திருந்தேன். கும்மிடிப்பூண்டி ரயில் வந்து நின்று கிளம்பியது. நான் ஏறவில்லை.

எங்கள் கம்பெனியின் பேக்கிங் செக்‌ஷனில் வேலை பார்த்த எல்லாருக்கும் சூப்பர்வைசர் ஸ்டெல்லா அக்காவின் சுத்தம் தெரியும். ஒட்டி முடித்த பெட்டிக்குள் சாமானில் கைரேகை இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் போதும், பிரித்துத் துடைக்கச் சொல்வார். முணுமுணுத்தால், "இன்னாடி, உன் மாமியார் ஊட்டுக்கு அனுப்பறதா இருந்தா இப்டித்தான் அனுப்புவியா?" என்பார். கோபித்துக்கொள்வதா சிரிப்பதா என்று தெரியாமல் துடைப்போம்.

அவருடைய கணவர் அருளப்பன் மாமா கிரேன் ஓட்டியவர். பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது, வலது கையும் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்த பயிற்சி எதையும் செய்யமாட்டார். பிசையச் சொல்லிப் பந்தைக் கொடுத்தால் இடது கையால் வீசி எறிவார். அவருக்குப் பொழுது போகட்டும் என்று ஜெனி கொளத்தூரில் ஒரு தொட்டியும் ஒரு தங்கமீனும் வாங்கி வந்தாள். அந்த மீனுக்குத் தீனி போட மட்டும் மாமாவின் வலது கை எழுந்தது. ஒரு சிட்டிகை எடுக்க இரண்டு விரலும் படாதபாடு படும். தீனி தரையெல்லாம் சிந்தும். ஒரு தூசி பொறுக்காத அக்கா, அதை மட்டும் மாமாவின் எதிரில் கூட்டமாட்டார்.

போன கிறிஸ்துமசுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். அக்கா சும்மா இருப்பாரா? தொட்டியைக் காலி செய்து, கூழாங்கற்களைத் தேய்த்து, பில்டர் பஞ்சை சோப்புத்தூள் போட்டுக் கசக்கி, குழாய்த் தண்ணீரை அப்படியே நிரப்பிவிட்டார். புத்தாண்டுக்குள் மீனின் வால் ஓரம் வெளுத்து, நைந்த துணிபோலக் கிழியத் தொடங்கியது. மீன் கடைக்காரர்தான் விளக்கினார். மீனின் கழிவை முறிக்கிற நல்ல கிருமிகள் அந்தப் பஞ்சிலும் கல்லிலும்தான் இருக்குமாம். அவற்றைக் கழுவித் தள்ளினால் தண்ணீர் கெட்டு, மீன் சோர்ந்து, துடுப்பு அழுகுமாம். மாமா தீனி டப்பாவைத் தொடுவதை நிறுத்திவிட்டார். கை மறுபடியும் மடியில் கிடந்தது. அக்கா அவர் எதிரில் உட்கார்ந்து சொன்னார்: "நான்தாங்க கெடுத்தேன். நானே பாக்கறேன்."

பார்த்தார். ஒரு வெள்ளை பக்கெட்டில் மீனைத் தனியாக விட்டு, காற்றுக் குழாய் போட்டார். கல்லுப்பைக் கரைத்துத்தான் ஊற்ற வேண்டும். அதையும் யோசித்து யோசித்து ஊற்றினார். "நம்மூரு போர் தண்ணியே உப்பு. அள்ளிப் போட்டா கருவாடுதான்" என்றார். பிறகு கடைக்காரர் கொடுத்த நீல மருந்து. தினமும் தண்ணீரில் பாதியை மட்டும் எடுத்துவிட்டு, முன்தினமே பிடித்து வைத்த தண்ணீரை ஊற்றினார். தொட்டியின் பஞ்சை இனி தொட்டித் தண்ணீரிலேயேதான் அலசுவது என்று சத்தியம் செய்தார். முழுசாகக் கழுவாமல் இருப்பதற்கு அவர் பட்ட அவஸ்தை எனக்குத்தான் தெரியும். ரயிலில் உட்கார்ந்து, "கை பரபரங்குதுடி செல்வி. ஆனா வாலு போனா முளைக்கும், அழுகலை உடம்பு வரிக்கும் போவ வுடக் கூடாது" என்பார். ஒருநாள் காலை தன் விரல் நகத்தின் ஓரத்தைக் காட்டி, "இவ்ளோ வந்துக்கீது, கண்ணாடியாட்டம்" என்றார். மாமா அன்றைக்குத் தீனி டப்பாவைக் கைகாட்டிக் கேட்டாராம். கேன்டீனில் எங்கள் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார் அக்கா. மீனுக்கு வால் முளைத்ததற்கு டீயா என்று நாங்கள் கேலி செய்தோம்.

அடக்கம் முடிந்து, ஜெனி அப்பாவைத் திருவள்ளூரில் உள்ள தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். நானும் வேனில் கூடப் போனேன். மீனை ஒரு மூடி போட்ட டப்பாவிலும், தொட்டித் தண்ணீரை ஒரு கேனிலும் எடுத்துக்கொண்டேன். அக்காவின் நாத்தனார், "அழுக்குத் தண்ணிய இன்னாத்துக்குத் தூக்கினு போற? அங்க குழாயில வராதா?" என்றார். அக்கா கடைசியாக மாற்றிய தண்ணீர் அது. கேனை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

திருவள்ளூரில் தொட்டியை வைத்து மீனை விட்டதும் மாமா கையை நீட்டினார். சிட்டிகை எடுத்துப் போட்டார். ஒரு துளிகூடச் சிந்தவில்லை. போட்டுவிட்டு உடனே சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நானும் ஜெனியும் அவர் பார்வைக்கு எதிரில் போய் நிற்கப் பயந்தோம். எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது நான்தான் போய்த் தண்ணீர் மாற்றுகிறேன். ஸ்டெல்லா அக்காவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது இந்த ஒரு வேலை. பாதியைத்தான் எடுக்கிறேன். ஒவ்வொரு முறையும் அக்கா ஊற்றியதில் மிச்சமிருப்பதிலும் பாதி, என் கையாலேயே போகிறது.