அமோஸ் அடித்த ஆணி

எங்கள் ஊர் ஒஹையோ ஆற்றுக்கு வடகரை. அக்கரையில், கெண்டக்கியில், மனிதரை விற்கலாம், இக்கரையில் கூடாது. நடுவில் இருந்தது தண்ணீர் மட்டும்தான்.

கொல்லர் அமோஸ் தர்லோவுக்கு அந்தப் பேச்சே ஆகாது. பட்டறையில் யாராவது அடிமை விவகாரத்தை எடுத்தால், "அக்கரைக்காரன் பாடு அவனோட. நீ குதிரையப் பிடி" என்பார்.

பட்டறைக்கு அடுத்த வீட்டில் துணி வெளுத்தவள் கெசியா. ஆறு உறைந்த ஒரு குளிர்காலத்தில் பனிக்கட்டி மேல் நடந்து தப்பி வந்தவள். மகள் லெட்டி இங்கேதான் பிறந்தாள். அமோஸின் மனைவி காய்ச்சலில் இறந்தபோது உடலைக் குளிப்பாட்டி உடுத்தியதும் கெசியாதான்.

"ஏண்ணே, இந்தச் சட்டையில கரி இருக்கா, கரியில சட்டை இருக்கா?" என்று அவள் கேட்டால் மட்டும் அந்த மனிதர் சிரிப்பார்.

பிறகு புதுச் சட்டம் வந்தது. ஓடிவந்த அடிமை எங்கிருந்தாலும் பிடிக்கலாம். கூப்பிட்டால் ஊரார் உதவியே ஆகவேண்டும்.

ஒரு சித்திரைக் காலையில் கெசியாவின் பழைய எஜமான், சட்டத்தை நடத்தும் அரசாங்க அதிகாரியான மார்ஷலோடு வந்து இறங்கினான். அவள் வெள்ளாவிக் கொதிநீரை வீசினாள். இழுபறியில் அவளுக்கு மாட்டிய கைவிலங்கின் ஆணி தெறித்துப்போனது. தாயையும் மகளையும் பட்டறைக்குள் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"ஆணி அடிய்யா. மாட்டேன்னா ஜெயிலுக்கு நட" என்றார் மார்ஷல்.

கெசியா கையை நீட்டினாள். "எனக்குப் பூட்டுங்கண்ணே. லெட்டி இங்க பொறந்தவ. அத மட்டும் அவங்ககிட்ட சொல்லுங்க."

அமோஸ் சொன்னார், வாய்க்குள்ளேயே.

எஜமான் சிரித்தான். "பசு வேலி தாண்டிப் போய் கன்னு போட்டா, கன்னு யாருக்குய்யா சொந்தம்?"

அமோஸ் ஆணியை அடித்தார். படகு நடு ஆற்றைத் தாண்டும் வரை லெட்டியின் அலறல் கேட்டது.

அடுத்த முறை வேறொருவனைப் பிடிக்க மார்ஷல் வந்தபோது, அதுவரை வாய் திறக்காத ஊர் தடியோடு துறையில் நின்றது. முன்னால் அமோஸ், சம்மட்டியோடு. மார்ஷல் வெறுங்கையோடு திரும்பினார். "எங்க சொத்தைத் திருடுறானுங்க" என்றது அக்கரை. "உங்க சட்டம் எங்க வீட்டுக்குள்ள வரலாமா?" என்றது இக்கரை. ஆற்றோரத்து ஊர்கள் எல்லாம் அப்படித்தான் இறுகின. சில வருஷங்களில் வடக்குக்கும் தெற்குக்கும் நடுவே பீரங்கியே பேசியது.

துப்பாக்கி தூக்கும் வயதைக் கடந்திருந்தும் அமோஸ் லாடம் அடிக்க வடக்குப் பட்டாளத்தோடு போனார். தெற்கே, விடுதலையான அடிமைகள் தங்கிய ஒவ்வொரு முகாமிலும் கெசியாவைக் கேட்டார். மிசிசிப்பியில் லெட்டியைக் கண்டார். இடுப்பில் குழந்தை.

"எங்கள இங்க வித்துட்டாங்க. அம்மா பருத்திக் காட்டுலயே போயிட்டாங்க" என்றாள்.

"என்னைத் திட்டினாளாம்மா?"

லெட்டி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "இல்ல. உங்க பேரையே எடுக்கல."

அந்த முகாமிலேயே வயிற்றுக்கடுப்பு கண்டு அமோஸ் இறந்தார். ஆற்றங்கரை மண்ணில் புதைத்தார்களாம். கூட லாடம் அடித்தவர் ஊருக்கு வந்து, அமோஸின் பட்டறையில் வைத்து எங்களிடம் இதைச் சொன்னார்.