வேம்பாரிக்குச் சர்க்கரை பார்த்த கதை

பூனைக்குச் சர்க்கரை பார்ப்பதையும் ஒரு தொழிலாகவே சேர்க்க வேண்டும்: சம்பளம் இல்லை, விடுப்பு இல்லை, எட்டு மணி நேர வேலை என்ற பேச்சே இல்லை, முதலாளி மட்டும் என் கட்டிலில் படுத்திருக்கிறார்.

வீட்டில் ஒரு பூனையையும் ஒரு குளுக்கோமீட்டரையும் வைத்துக்கொண்டு அல்லல்படும் தோழர்களே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் தூத்துக்குடி துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன். பிறகு மூட்டை தூக்குகிறவர்களுக்காகத் தொண்டை கிழியக் கத்தியவன். எட்டாம் வகுப்புக்கு மேல் நான் படித்ததெல்லாம் துண்டறிக்கைகளில்தான். சுவரொட்டி ஒட்டியது நான், மாலை வாங்கிக்கொண்டது வேறு ஆட்கள். அது கிடக்கட்டும். எந்த மனுவானாலும் இழைக்கப்பட்ட அநீதிகளை நடந்த வரிசையில் வைத்துவிட்டுத்தான் கோரிக்கைக்கு வருவது என் பழக்கம். வேம்பாரிலிருந்து வந்த கருவாட்டு மூட்டைகளுக்கு நடுவே குட்டியாக வந்து இறங்கியதால் என் மனைவி சரசு 'வேம்பாரி' என்று பெயர் வைத்த எங்கள் பூனைக்கு இழைக்கப்பட்ட அநீதிகள் பின்வருமாறு.

முதலாவது, எட்டு ஆண்டுகளாகக் காலையிலும் மாலையிலும் பால்சோறு, போட்டது நான். இரண்டாவது, டீக்கடையில் பாலில் நனைத்த பன். மூன்றாவது, பேக்கரி வாசலில் உடைந்த மக்ரூன். நான்காவது, வேம்பாரி குடம் குடமாகத் தண்ணீர் குடித்தபோது, வெயில் அதிகம் என்று நான் தீர்ப்புச் சொன்னது. ஐந்தாவது, அது ஒன்றுக்குப் போன மணலில் எறும்பு மொய்த்தபோது, எறும்புப் பொடி வாங்கி வந்து தூவியது. ஆறாவது, உடம்பு இளைத்ததைப் பார்த்து இன்னும் ஒரு பிடி சோறு சேர்த்துப் போட்டது. ஆறில் நான்கில் குற்றவாளி நானே. வாழ்நாள் முழுவதும் எதிரியை வெளியே தேடியவனுக்கு இது புதிய அனுபவம்.

உழைக்கும் வர்க்கம்

ஒரு நாள் வேம்பாரி மதிலில் ஏற முடியாமல் விழுந்தது. விரல் நுனியில் நடக்க வேண்டிய பூனை, பின்னங்கால்களைக் குதிகால்வரை தரையில் பதித்து, கிழவனைப் போல நடந்தது. மஞ்சள் பையில் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்கு ஓடினேன். எங்களுக்கு முன்னால் ஒன்பது ஆடுகள், ஒரு கன்றுக்குட்டி. மருத்துவர் இளம்பெண். காதோரத்தில் ஒரு துளி இரத்தம் எடுத்து, கருவியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நானூற்றுப் பன்னிரண்டு.

கால் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது என்றார். இப்படியே விட்டால் இந்த மழைக்காலத்தைத் தாண்டாது. தினம் இரண்டு வேளை இன்சுலின் ஊசி, சோறும் பாலும் அறவே நிறுத்தி மாமிச உணவு, ஊசிக்கு முன் வீட்டிலேயே சர்க்கரை பார்ப்பது, இத்தனையையும் ஒழுங்காகச் செய்தால் கால் திரும்பலாம். ஊசியே வேண்டாத நிலைகூட வரலாம் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. சர்க்கரை வியாதி உட்கார்ந்து தின்கிறவர்களுக்கு வருவது, என் பூனை மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் எலி பிடித்த உழைக்கும் வர்க்கம் என்று குரலை உயர்த்தினேன். ஆடுகள்கூடத் திரும்பிப் பார்த்தன. மருத்துவர் சீட்டில் எழுதிக்கொண்டே சொன்னார்: "உழைக்கும் வர்க்கம் ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் தூங்காது ஐயா. நாளைக்குக் காலையில எனக்கு நம்பர் வேணும்."

காதுக்குள் ஓர் உப்பளம்

முதல் நாள் ஊசி வேம்பாரியின் காதைத் துளைத்துக்கொண்டு என் பெருவிரலில் ஏறியது. வந்த துளியை அவசரத்தில் கருவியில் வைத்து, வந்த எண்ணை மருத்துவருக்குப் பெருமையாகத் தெரிவித்தேன். அது என் சர்க்கரை. இரண்டாம் நாள் இரத்தமே வரவில்லை. மூன்றாம் நாள் சரசு கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து, தன் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, அதைப் பூனையின் காதில் ஒற்றினாள். பிறகு காதுக்குப் பின்னால் டார்ச் அடித்தாள்.

நான் பார்த்ததை எப்படிச் சொல்வேன்! அந்த மெல்லிய காது முழுவதும் சிவந்து ஒளிர்ந்தது. அதற்குள், உப்பளத்தில் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் பிரிந்து போகும் வாய்க்கால்களைப் போல, இரத்தக் குழாய்கள் கிளைத்துக் கிளைத்து ஓடின. விளிம்பை ஒட்டி ஒரு பெரிய வாய்க்கால். எட்டு வருடமாக இது என் மடியில் கிடந்திருக்கிறது, நான் பார்த்ததில்லை. விளிம்பில் குத்தினேன். கடுகளவு இரத்தம் முத்தாக எழுந்து நின்றது. கருவி ஐந்திலிருந்து ஒன்றுவரை எண்ணி, முந்நூற்றுத் தொண்ணூறு என்றது. நிர்வாகம் காட்டிய எந்தக் கணக்கையும் நான் நம்பியதில்லை. இந்த எண்ணுக்குப் பின்னால் யாருடைய கையும் இல்லை. ஊசி குத்திய அதே நொடியில் வேம்பாரி என் மணிக்கட்டில் தலையை வைத்துக் 'குர்ர்' என்று சுகமாக முனகத் தொடங்கியது. சரசு டார்ச்சை அணைத்துவிட்டுச் சொன்னாள்: "போலீசு அடிச்சப்பகூட அழாத மனுசன், இங்கன ஒரு கடுகு ரத்தத்துக்குக் கண்ணத் தொடைக்கீரே!"

துண்டறிக்கை

வீட்டுக்குள் சோற்றை நிறுத்திவிட்டேன். தோலை நீக்கி வேகவைத்த கோழி, சிறிது ஈரல், உப்பில்லாமல் அவித்த மீன், மருத்துவர் கொடுத்த சத்துத்தூள் ஒரு சிட்டிகை. ஆனாலும் எண் இறங்கவில்லை. வேம்பாரி தெருவில் பத்து வீட்டுக்குப் பொதுச் சொத்து. ஆகவே எனக்குத் தெரிந்த ஆயுதத்தை எடுத்தேன். சிவப்புத் தாளில் நூறு பிரதி அடித்து வீடுவீடாகக் கொடுத்தேன். 'பொதுமக்களே! வேம்பாரிக்கு இனிப்பு கொடுப்பதை உடனே நிறுத்துங்கள்!'

எங்கள் தெருவில் சர்க்கரை இல்லாத வீடு குறைவு. எல்லோரும் அறிக்கையை அக்கறையோடு படித்தார்கள். படித்துவிட்டு, தாங்கள் எதைச் சாப்பிடுகிறார்களோ அதையே வேம்பாரிக்கும் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஒரு வீட்டில் கேழ்வரகுக் கூழ், ஒரு வீட்டில் கோதுமை உப்புமா, இன்னொரு வீட்டில் சீனி போடாத பாலில் ஓட்ஸ். டீக்கடை சுடலைமுத்து அண்ணாச்சிதான் இதில் முன்னணி வீரர். பூனைக்கு மாவுப்பண்டம் எதுவுமே ஆகாது, அதன் உடம்பு கறி தின்பதற்கென்றே அமைந்தது என்று அவரிடம் தெரு முழுக்கக் கேட்கும்படி சண்டை போட்டேன். அவர் கண்ணாடியைப் போட்டு அறிக்கையை மறுபடி வாசித்துவிட்டுச் சொன்னார்: "இனிப்புன்னுதான் இதுல போட்டிருக்கு, சப்பாத்தின்னு போடலியே அண்ணாச்சி! எனக்கு டாக்டர் சொன்ன மாதிரி ராத்திரிக்கு அரைச் சப்பாத்தி, அதுவும் எண்ணெய் இல்லாமத்தான் போட்டேன்."

ஒரு காலை நேரத்து வேலைநிறுத்தம்

அமலோற்பவம் கடற்கரையிலிருந்து ஷேர் ஆட்டோவில் அலுமினியக் கொப்பரையோடு வந்து எங்கள் தெருவில் மீன் விற்பவர். வேம்பாரி தினமும் அவரை முச்சந்தியில் எதிர்கொண்டு அழைத்து வரும். அதன் காலில் கோளாறு வந்த பிறகு அவர்தான் நின்று நின்று, பூனையின் நடைக்குத் தக்கபடி நடந்து வருவார். என் சிவப்புத் தாளை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். "கடல்ல நெல்லா விளையுது? பூனைக்கு எவன் சோறு போடச் சொன்னான்?" என்று கேட்டுவிட்டு, தாளைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டார். நான் வழக்கம்போல மனம் கசந்து வீட்டுக்குத் திரும்பினேன்.

மறுநாள் காலை தெருவில் சத்தம். சுடலைமுத்து அண்ணாச்சி பாத்திரத்தோடு நிற்கிறார்.

"ஏ அமலோற்பவம், சீலா இருக்கா?"

"இருக்கு. ஒமக்குக் கெடையாது."

"ஏன், நான் என்ன செஞ்சேன்?"

"நேத்து வடையப் பிச்சு யாருக்குப் போட்டீரு?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அமலோற்பவம் கொப்பரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தெருவுக்கே கேட்கும்படி அறிவித்தார்: வேம்பாரிக்குச் சோறோ, வடையோ, கூழோ போடுகிற வீட்டுக்கு இனி மீன் கிடையாது. மீன் இல்லாமல் மூன்று நாள் இருக்கக்கூடிய வீடு எங்கள் தெருவில் கிடையாது. அன்று மதியத்திலிருந்து ஒரு பருக்கைகூட வேம்பாரியின் வாய்க்குப் போகவில்லை. ஒரே வாரத்தில் எண் இருநூற்று எழுபதுக்கு வந்தது.

தோழர்களே, நான் அழைப்பு விடுத்த ஒவ்வொரு வேலைநிறுத்தத்திலும் பத்துப் பேராவது கருங்காலிகளாக வேலைக்குப் போய்விடுவார்கள். இந்த அம்மாள் ஒரு காலை நேரத்தில், ஒரு கொப்பரையை வைத்துக்கொண்டு, ஒருவர் பாக்கியில்லாமல் ஒரு தெருவையே நிறுத்திக் காட்டினார். வாய்பிளந்து நின்ற என்னைப் பார்த்து அவர் சொன்னார்: "அண்ணாச்சி, நீரு செய்யாத செய்யாதங்கீரு. செஞ்சா என்ன ஆவும்னு சொல்ல மாட்டேங்கீரே."

கருப்பட்டி

ஏழாவது வாரம், ஒரு மதியம். தண்ணீர்ச் சட்டிக்குப் பக்கத்தில் வேம்பாரி குடித்தவன் போலத் தள்ளாடி, பக்கவாட்டில் சாய்ந்தது. கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. காதைக் குத்தினேன். நாற்பத்தொன்று. எண் இறங்காதா என்று ஏங்கியவன், இறங்கிய எண்ணைப் பார்த்து நடுங்கினேன். சரசு ஓடிப்போய்க் கருப்பட்டியைத் தட்டி வெந்நீரில் கரைத்து வந்தாள். இனிப்பைத் தெருவிலிருந்தே விரட்டிய கையால் அந்தக் கரைசலைத் தொட்டுத் தொட்டுப் பூனையின் ஈறில் தடவினேன். விழுங்கத் தெரியாத நிலையில் வாய்க்குள் ஊற்றக்கூடாது என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். பத்து நிமிடம். ஒரு காது அசைந்தது. பிறகு வால். பிறகு வேம்பாரி தலையைத் தூக்கி, என்னை அடையாளம் கண்டு, என் விரலில் மிச்சமிருந்ததை நக்கியது. மறுபடி குத்தினேன். எழுபத்தாறு. அந்தச் சின்ன உடம்பு போன வழியே திரும்பி வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். கும்பிடத் தெரியாதவன் நான், அன்று கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அப்படியே பையில் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனோம். என் நோட்டில் ஏழு வாரத்து எண்களையும் மருத்துவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் எங்கே தவறு செய்தேன் என்று கேட்டேன். கணையம் தானாகவே சுரக்க ஆரம்பித்துவிட்டது, அதன்மேல் ஊசியும் சேர்ந்ததால் சர்க்கரை அளவுக்குமேல் இறங்கிவிட்டது என்று விளக்கி, ஊசியின் அளவைப் பாதியைவிடக் குறைத்து எழுதினார். இத்தனை நாள் என் பேச்சைக் கேட்டுக் கேட்டு அவருக்கும் எங்கள் பாஷை ஒட்டிக்கொண்டிருந்தது: "வேலையை விட்டுப் போன கணையம் வேலைக்குத் திரும்பிருச்சு ஐயா. இப்ப உங்க ஊசிதான் கருங்காலி."

பெஞ்சின் மேல்

அதன் பிறகு ஊசி படிப்படியாகக் குறைந்து, ஒரு திங்கட்கிழமை நின்றது. ஊசியில்லாமல் நான்கு வாரம் தினமும் காது குத்தினேன். நூற்றுப் பத்து, தொண்ணூற்றெட்டு, நூற்று நான்கு. நான்காவது வாரக் கடைசியில், ஐப்பசி மழை அடித்து ஓய்ந்த ஒரு காலையில், வேம்பாரி பின்னங்கால்களை ஊன்றி, விரல் நுனியில் நின்று, ஒரே தாவலில் மதிலில் ஏறியது. ஏறியது மட்டுமல்ல, ஏறியதை ஒரு பொருட்டாகவே எண்ணாமல் அங்கே உட்கார்ந்து முகம் கழுவியது. நோய் திரும்பலாம், சோறு பக்கம் போகக்கூடாது, வாரம் ஒரு முறையாவது சர்க்கரை பார்க்க வேண்டும் என்று மருத்துவர் எச்சரித்துத்தான் அனுப்பியிருந்தார். இருந்தாலும் வெற்றி வெற்றிதான்.

வெற்றியை அறிவிக்காமல் இருக்க எனக்குத் தெரியாது. டீக்கடை பெஞ்சில் ஏறினேன். சுடலைமுத்து அண்ணாச்சி, சரசு, பத்து வீட்டுக்காரர்கள், மீன் வெட்டிக்கொண்டே அமலோற்பவம், எல்லோர் முன்னிலையிலும் நான்கு வாரத்து எண்களை வாசித்தேன். துறைமுகத்து வாயில் கூட்டங்களில் காட்டிக்கொடுத்தவர்களின் பெயர்களை வாசித்துப் பழகிய குரல் அது. நன்றிக்காக ஒரு பெயரை அந்தக் குரலில் நான் வாசித்ததே இல்லை. கையிலிருந்த தாளில், உண்மையைச் சொன்னால், போராட்டத்தை வழிநடத்தியவர் என்ற இடத்தில் முதலில் என் பெயரைத்தான் எழுதியிருந்தேன். கீழே இருந்து அண்ணாச்சி அவசரப்படுத்தினார்: "மீனு வெயில்ல கெடக்கு, சட்டுன்னு பேர வாசியும் அண்ணாச்சி!"

நாற்பது ஆண்டு நோட்டீஸ் கொடுத்தும் ஒரு தெருவைக்கூட முழுசாக நிறுத்த முடியாத போராளி, ஒரு பூனையின் காதைக் குத்திக் குத்திப் புத்தி வந்து, தன் பெயரைத் தானே கோடு போட்டு அடித்துவிட்டு, சாட்சிகள் முன்னால் உரக்க வாசித்த தலைவர் பெயர்: அமலோற்பவம்.