காலமானார் என்று ஒரு வரி

பிறந்து ஒரு மாதம் நிறையாத என் மகளைக் காய்ச்சல் கொண்டுபோன மறுநாள், நான் ஃப்ளெக்ஸ் கடைக்குக் கிளம்பினேன். பச்சை உடம்போடு எங்கே போகிறாய் என்று மாமியார் வழிமறித்தார். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் “தவறிப்போச்சு” என்று சொல்லிச் சொல்லி என்னைக் கொதிக்க வைத்திருந்தார்கள். என் கணவர் வேலை பார்க்கும் பீங்கான் கம்பெனியில் கிண்ணம் கை நழுவி உடைந்தால் அப்படிச் சொல்லட்டும். அவள் என் மகள்.

நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள். ‘காலமானார்’ என்பதை வகுப்பில் பிரித்துக் காட்டியிருக்கிறேன். காலம் ஆனார், ஆள் போய், காலத்தோடு காலமாகிவிட்டார். காலம் வடமொழியிலிருந்து வந்த சொல், அங்கே அது எமனுக்கும் பெயர். செத்தார் என்று சொல்ல வாய் கூசிய யாரோ மரியாதைக்காகச் செய்துவைத்த சொல்லாக இருக்கும். ஊரை அடித்து உலையில் போட்டவனுக்கும், குடித்தே செத்தவனுக்கும் பஸ் ஸ்டாண்டு முழுக்க அந்த மரியாதை கட்டித் தொங்குகிறது. என் மகளுக்கு மட்டும் ஏன் கிடையாது என்று ஆத்திரமாக வந்தது.

கடைக்காரர் கம்ப்யூட்டரில் கண்ணீர் அஞ்சலி மாதிரி ஒன்றைத் திறந்துவைத்துப் பெயர் கேட்டார்.

“இன்னும் பேரு வைக்கலிங்க. பச்சக் கொழந்த.”

அவர் கை நின்றது. “கொழந்தைக்கெல்லாம் யாரும் போட மாட்டாங்கக்கா. வூட்டுக்குப் போங்க.”

எவ்வளவு கேட்டும் மறுத்துவிட்டார். வெறுங்கையோடு திரும்பினேன். அடுத்த பிள்ளை தங்க வேண்டாமா, இப்படியா செய்வாய் என்று மாமியார் அழுதார். என் கணவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது முதல் அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அவர்மீதும் எனக்குக் கோபம்தான்.

சாயங்காலம் கம்பெனியிலிருந்து அவருடைய சூப்பர்வைசர் போன் செய்தார். ஏன் வேலைக்கு வரவில்லை என்று அவர் கத்தியது எனக்கே கேட்டது. கணவர் எழுந்து நின்றார்.

“எம் பொண்ணு காலமாயிட்டாங்க சார்.”

அவர் வாயில் அந்தச் சொல்லை நான் அதுவரை கேட்டதில்லை.

அந்தப் பக்கம் குரல் தணிந்தது. “அடடா. என்ன வயசு?”

அவர் என்னைப் பார்த்தார். சூப்பர்வைசர் மறுபடியும் கேட்டார்.

“பால் குடிக்கிற புள்ளைங்க சார்” என்றார்.

என் ரவிக்கை நனைந்தது.